இரண்டாம் வகுப்புப் பாடங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதைப் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கணக்கையும் வாசிப்பையும் பற்றியவை. தொடக்க வகுப்புகளில் நீண்ட காலம் பாடம் நடத்திய ஆசிரியை என்ற முறையில் அவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒன்றாம் வகுப்பில் படித்த எழுத்துகளும் கூட்டல் கழித்தலும்தான் இரண்டாம் வகுப்பிலும் வருகின்றன. என் மகள் ஓராண்டை வீணாகக் கழிக்கிறாளோ என்று கவலையாக இருக்கிறது. உண்மையில் இந்த ஆண்டில் புதிதாக என்னதான் இருக்கிறது?

பதில்: பாடத் தலைப்புகளை மட்டும் பார்த்தால் உங்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஒன்றாம் வகுப்பில் குழந்தை எழுத்துகளை அடையாளம் காண்கிறது. இரண்டாம் வகுப்பில் அவற்றைச் சொல்லாகவும் வாக்கியமாகவும் தடங்கலின்றிப் படித்து, படித்ததன் பொருளைச் சொல்லப் பழகுகிறது. முன்பு பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிய குழந்தை, இப்போது பத்துப் பத்தாகவும் நூறு நூறாகவும் கட்டி எண்ணக் கற்று, மூன்று இலக்க எண்கள் வரை செல்கிறது. இவற்றோடு அளவுகோலால் நீளம் அளப்பது, கடிகாரத்தில் மணி பார்ப்பது, சம எண்ணிக்கையுள்ள குழுக்களின் வழியே பெருக்கலைத் தொடங்குவது, செடிகளையும் உயிரினங்களையும் உற்றுநோக்கிக் குறிப்பெழுதுவது, எளிய வரைபடம் போடுவது ஆகியனவும் பெரும்பாலான பாடத்திட்டங்களில் இந்த ஆண்டில்தான் இடம்பெறுகின்றன.

இவற்றை ஏழு வயதை ஒட்டி வைப்பதற்குக் காரணம் உண்டு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) செய்து காட்டிய ஒரு சோதனையை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அகலமான குவளையில் உள்ள நீரைக் குழந்தையின் கண்ணெதிரே உயரமான, ஒடுக்கமான குவளைக்கு மாற்றி, "இப்போது நீர் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அதே அளவா?" என்று கேளுங்கள். நான்கைந்து வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் உயரத்தை மட்டும் பார்த்து, கூடிவிட்டது என்பார்கள். ஏறத்தாழ ஏழு வயதில்தான், உயரம் கூடியபோது அகலம் குறைந்தது என்ற இரண்டையும் ஒருசேர மனத்தில் நிறுத்தி, அதே அளவுதான் என்று சொல்லத் தொடங்குகிறார்கள். ஓர் எண்ணை ஐம்பத்திரண்டு ஒன்றுகளாகவும், ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளுமாகவும் ஒரே நேரத்தில் காண்பதற்கு இந்தத் திறன்தான் அடிப்படை. எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதத்தில் இந்தப் படியை ஏறிவிடுவதில்லை. வகுப்பில் ஆறு மாத முன்பின் வேறுபாட்டை நான் எப்போதும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகன் நூறு வரை தடையில்லாமல் சொல்கிறான். ஆனால் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிறான். பலமுறை சொல்லிக்கொடுத்தும் இதே தவறு. கவனக்குறைவா?

பதில்: கவனக்குறைவு என்று அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் ஓர் ஒழுங்கைப் பின்பற்றியே அந்த விடைக்கு வந்திருக்கிறான். ஒன்றுகள் இடத்தில் 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாததால், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று எழுதினான். பத்துகள் இடத்தில் 5இலிருந்து 2ஐக் கழித்து 3 என்று எழுதினான். இரண்டு இலக்கங்களையும் தனித்தனி எண்களாகக் காணும் குழந்தைக்கு இதில் பிழை இருப்பதே தெரியாது. இந்தத் தவறு உலகெங்கும் இந்த வயதுப் பிள்ளைகளிடம் காணப்படுவது. 52இல் உள்ள 5 ஐம்பதைக் குறிக்கிறது என்பது இன்னும் அவன் மனத்தில் ஊன்றவில்லை என்பதையே இது நமக்குக் காட்டுகிறது.

இதற்கு மருந்து குச்சிகள்தான். பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டி, ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவன் கையில் கொடுத்து, இருபத்தேழைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். இரண்டு கட்டுகளைத் தந்துவிடுவான். ஏழு உதிரிக்கு வரும்போது தடுமாறுவான். அங்கே நீங்கள் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். ஒரு கட்டைப் பிரிக்கலாமா என்ற கேள்வி அவனிடமிருந்தே வர வேண்டும். பிரித்த பிறகு நான்கு கட்டுகளும் பன்னிரண்டு உதிரிகளும் இருப்பதை அவனே பார்க்கிறான். கணக்குப் பாடத்தில் நாம் 'கடன் வாங்குதல்' என்று சொல்லும் செயலின் முழுப்பொருளும் அந்தக் கட்டைப் பிரிக்கும் நொடியில் இருக்கிறது. கடன் வாங்குதல் என்ற சொல்லே பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது என் கருத்து, ஏனெனில் வாங்கிய கடனை யாரும் இங்கே திருப்பித் தருவதில்லை. 'கட்டைப் பிரித்தல்' என்று சொன்னால் குழந்தைக்கு உடனே விளங்குகிறது. விடை 25 வந்ததும் 25ஐயும் 27ஐயும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதிய நாளில் அப்படிக் கூட்டியிருந்தால் 62 வந்திருக்கும். தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் வழி அவனுக்குக் கிடைத்திருக்கும்.

பத்துகளைக் கையால் தொட்டுக் கற்பிக்கும் முறை பழையது. மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய கல்விமுறையில், தனி மணி, பத்து மணிகளைக் கோத்த கம்பி, நூறு மணிகளாலான சதுரம், ஆயிரம் மணிகளாலான கனசதுரம் என்று எண்களைக் குழந்தையின் கையில் எடுத்துத் தருகிறார்கள். ஆயிரம் என்பது எவ்வளவு கனமானது என்பதைக் கை அறிந்த பிறகு, தாளில் மூன்று சுழியங்களைப் பார்க்கும் கண்ணுக்கு அது வெறும் கோலமாகத் தெரிவதில்லை.

இங்கே தமிழ் எண்ணுப்பெயர்கள் நமக்குச் செய்யும் உதவியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபத்து மூன்று என்ற பெயரிலேயே இரண்டு பத்தும் மூன்றும் கேட்கின்றன. பதினொன்று என்பதில் பத்தும் ஒன்றும் கேட்கின்றன. ஆங்கிலத்தில் 'லெவன்', 'ட்வெல்வ்' என்னும்போது பத்து காதில் விழுவதில்லை. 'தர்ட்டீன்' என்னும்போது ஒன்றுகள் முன்னே வருவதால் 13ஐ 31 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ஆகவே ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைக்கும் இடமதிப்பை வீட்டில் தமிழில் சொல்லிப் பழக்குவது நல்லது. ஆயினும் தமிழிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 'ஒன்பது' என்ற பெயர் எண்பதைப் போல ஒலிக்கிறது. 'தொண்ணூறு' என்பதற்குள் நூறும் 'தொள்ளாயிரம்' என்பதற்குள் ஆயிரமும் ஒலிக்கின்றன. எண்பத்தொன்பதை அடுத்து என்ன வரும் என்று கேட்டதும் பிள்ளைகள் திகைத்து நிற்பதற்கு இதுவே காரணம். அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்துச் சிலநாள் பயிற்சி கொடுத்தால் போதும். ஐந்நூற்று மூன்றைக் காதால் கேட்டு 5003 என்று எழுதுவதும் இந்த வகுப்பில் பரவலான தவறுதான். 500 என்ற அட்டையின் மீது 3 என்ற அட்டையை வலப்பக்கம் பொருந்துமாறு வைத்துக் காட்டுங்கள். சுழியம் மறைந்து 503 தெரியும்.

கேள்வி: வாய்ப்பாட்டை எதுவரை மனப்பாடம் செய்ய வைக்கலாம்? பக்கத்து வீட்டுக் குழந்தை பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறாள்.

பதில்: இரண்டு, ஐந்து, பத்து ஆகிய மூன்று வாய்ப்பாடுகள் நன்றாகத் தெரிந்தால் இந்த ஆண்டுக்கு அது நிறைவான அளவு. மூன்றையும் நான்கையும் சேர்த்துக்கொண்டாலும் தவறில்லை. மனப்பாடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒப்பிக்கும் குழந்தையிடம், "நான்கைந்து இருபது என்று சொன்னாயே, அதை எனக்கு வரைந்து காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து புள்ளிகள் கொண்ட நான்கு வரிசைகளை வரைந்தால் பெருக்கல் தெரிந்திருக்கிறது. பாட்டாக மட்டும் தெரிந்த குழந்தை, நான்கைந்து இருபது என்று அறிந்த பிறகும் ஐந்தைந்து எவ்வளவு என்பதற்கு முதலிலிருந்து ஒப்பித்துக்கொண்டு வரும். பொருள் தெரிந்த குழந்தையோ இருபதோடு இன்னும் ஓர் ஐந்தைச் சேர்த்துவிடும்.

ஐந்தாம் வாய்ப்பாடு கடிகாரத்தோடு சேர்ந்து வருவதற்கும் காரணம் இருக்கிறது. பெரிய முள் 3இல் நின்றால் பதினைந்து நிமிடம் என்பது மூவைந்து பதினைந்துதான். பிள்ளைகள் பெரும்பாலும் சின்ன முள்ளில்தான் ஏமாறுகிறார்கள். மணி ஏழே முக்கால் ஆகும்போது சின்ன முள் 8ஐ நெருங்கிவிடுவதால் எட்டே முக்கால் என்று படிக்கிறார்கள். முள் 8ஐத் தொட்டுவிட்டதா, இன்னும் தொடவில்லையா என்று கேட்கப் பழக்குங்கள்.

இதே கடிதத்தில் கேட்கப்படாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் இதைப் பெற்றோர் கவனிப்பதில்லை. 8 + 4 = __ + 5 என்று எழுதிக் கொடுத்தால் மிகப் பல பிள்ளைகள் கோடிட்ட இடத்தில் 12 என்று நிரப்புகிறார்கள். சமக்குறி என்றால் 'விடையை எழுது' என்று அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இருபுறமும் சமம் என்பதே அதன் பொருள் என்று தராசைக் காட்டி இப்போதே விளக்கிவிட்டால், 7 என்ற விடை கிடைப்பதோடு பின்னாளில் இயற்கணிதமும் அவர்களை அச்சுறுத்தாது.

கேள்வி: அளவுகோலைக் கொடுத்தால் என் பேரன் எல்லாவற்றையும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவே அளக்கிறான். ஏன்?

பதில்: அவன் 0இலிருந்து தொடங்காமல் 1இலிருந்து தொடங்குகிறான், தாத்தா அவர்களே. எண்ணும்போது ஒன்றிலிருந்துதானே தொடங்கினான்! நீளம் என்பது கோடுகளின் எண்ணிக்கை இல்லை, இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவுகளின் எண்ணிக்கை என்பதை அவன் உணர வேண்டும். முனை உடைந்த பழைய அளவுகோல் ஒன்றைக் கொடுத்து, 3இல் தொடங்கி 9இல் முடியும் பென்சிலின் நீளம் என்ன என்று கேளுங்கள். 9 என்பான். இடைவெளிகளை விரலால் தொட்டு எண்ணச் சொன்னால் 6 என்று தானே திருத்திக்கொள்வான்.

கேள்வி: என் மகள் கதைப் பாடத்தைச் சரியாக வாசிக்கிறாள். படித்து முடித்ததும் கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கிறாள். அவளுக்கு நினைவாற்றல் குறைவோ?

பதில்: பெரும்பாலும் நினைவாற்றல் காரணமாக இருப்பதில்லை. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பைப் பற்றி ஓர் எளிய விளக்கத்தை முன்வைத்தார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று, கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இவ்விரண்டின் பெருக்கற்பலனே வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்றார்கள். பெருக்கல் என்று சொன்னதுதான் இங்கே முக்கியம். இரண்டில் ஒன்று சுழியமானால் விளைவும் சுழியமாகிவிடும்.

உங்கள் மகளுக்கு எது குறைகிறது என்பதை நீங்களே கண்டறியலாம். அதே அளவுள்ள வேறொரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டு என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்ட கதையை நன்றாகச் சொல்கிறாள் என்றால் மொழி அவளிடம் இருக்கிறது. எழுத்துக் கூட்டுவதிலேயே அவளுடைய கவனம் முழுவதும் செலவாகி, பொருளுக்கு மீதி இல்லாமல் போகிறது. அப்படியானால் எளிதான பகுதி ஒன்றையே மூன்று நான்கு முறை, பேசுவதுபோல ஓடும்வரை வாசிக்கச் சொல்லுங்கள். கேட்ட கதையையும் சொல்ல முடியவில்லை என்றால் சொல்வளம் போதவில்லை. அதற்குத் தனியாக வாசிக்கச் சொல்லி வற்புறுத்துவது உதவாது. நீங்கள் நாள்தோறும் கால் மணி நேரம் வாசித்துக் காட்டி, அறியாத சொல் வருமிடத்தில் நிறுத்திப் பேச வேண்டும். குழந்தை வாசிக்கக் கற்றுவிட்டது என்று பெற்றோர் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவது இரண்டாம் வகுப்பில்தான் நடக்கிறது. இது மிகவும் வருத்தத்துக்குரியது, ஏனெனில் இந்த வயதில் காதால் புரிந்துகொள்ளக்கூடிய கதை, கண்ணால் வாசிக்கக்கூடிய கதையைவிட வெகுதூரம் முன்னே இருக்கிறது.

கேள்வி: தமிழில் மூன்று 'ன'கரத்தையும் மாற்றி மாற்றி எழுதுகிறான். நூறு முறை எழுதச் சொல்லியும் திருந்தவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: நூறு முறை எழுதச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். பத்தாவது வரிக்குப் பிறகு கை மட்டுமே எழுதுகிறது. தவறாக எழுதத் தொடங்கியிருந்தால் அந்தத் தவறும் நூறு முறை பதிகிறது. இந்த எழுத்துகளின் பெயரிலேயே விதி இருக்கிறது. டண்ணகரம் 'ட'வோடு சேர்ந்து வரும்: வண்டு, நண்டு. தந்நகரம் 'த'வோடு வரும்: பந்து, சந்தை. றன்னகரம் 'ற'வோடு வரும்: கன்று, தென்றல். மூன்று இணைகளையும் தோழர்களாகச் சொல்லிக்கொடுத்தால் 'பன்டு', 'கண்று' என்பன கண்ணுக்கே உறுத்தத் தொடங்கும். தமிழ்ச் சொல்லின் முதலில் 'ந' வருமே தவிர 'ண', 'ன' வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவ்விரண்டும் பெரும்பகுதித் தவறுகளை நீக்கிவிடும். 'மணம்', 'மனம்' போன்ற சொற்களுக்குப் பொருளும் ஒலிப்பும்தான் வழிகாட்ட வேண்டும். ஆகவே ஆசிரியரும் பெற்றோரும் அவற்றை வேறுபடுத்தி ஒலிப்பது கட்டாயம்.

தமிழ் எழுத்துகள் 247 என்றாலும் அத்தனை வடிவங்களையும் குழந்தை தனித்தனியே நினைவில் வைப்பதில்லை. 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்த பிறகு, குறியீடுகளைப் பொருத்தும் முறையைக் கற்றால் 216 உயிர்மெய்களில் பெரும்பாலானவை கைக்கு வந்துவிடுகின்றன. விதிக்கு அடங்காத இடங்களில்தான் உழைப்பு வேண்டும். உகர, ஊகார வரிசைகளில் கு, சு, து, மு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் கொள்கிறது. கொம்புள்ள எழுத்துகளில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் எழுதப்படுகிறது. வௌவால் என்பதை 'வெளவால்' என்று படிக்கும் குழந்தையைத் திருத்தும் முன், அந்தக் குறி ளகரத்தைப் போலவே இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அறிவியல் என்று சொல்லி விதையை முளைக்க வைத்துப் படம் வரையச் சொல்கிறார்கள். பாடமாக எதுவும் எழுதித் தருவதில்லை. இது படிப்பாகுமா?

பதில்: நிச்சயமாகப் படிப்புதான், அதுவும் நல்ல படிப்பு. ஈரப் பஞ்சில் சில விதைகளும், காய்ந்த பஞ்சில் சில விதைகளும் வைத்து, ஒன்றில் மட்டும் முளை வருவதைக் காணும் குழந்தை, மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற ஆய்வுமுறையின் முதல் பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. மண்ணே இல்லாமல் முளைத்ததே என்று வியந்து கேட்கும் குழந்தையிடம், முளைப்பதற்கு நீரும் காற்றும் ஏற்ற வெப்பமும் போதும், வளரும் முளைக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லலாம்.

செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்று பிள்ளைகள் பலர் நம்புகிறார்கள். அறிஞர்களும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் நம்பினார்கள். யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான். 1648இல் அச்சான இந்தச் சோதனையிலிருந்து மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். காற்றின் பங்கு அவருக்குத் தெரியவில்லை. முடிவு முழுமையாக இல்லாவிட்டாலும் எடைபோட்டுப் பார்த்த அந்த முறை சரியானது. உங்கள் குழந்தை வரைந்து வந்த ஐந்தாம் நாள் முளையின் படமும் அதே மரபைச் சேர்ந்தது. ஆகவே படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்காமல், நேற்றையதிலிருந்து என்ன மாறியது என்று கேளுங்கள்.

கேள்வி: சமூக அறிவியலில் வகுப்பறையின் வரைபடம் போடச் சொன்னார்கள். என் மகள் மேசைகளுக்கெல்லாம் கால் வரைந்திருக்கிறாள். ஆசிரியர் தவறு போட்டுவிட்டார்.

பதில்: அவள் தான் நின்ற இடத்திலிருந்து கண்டதை வரைந்தாள், வரைபடமோ மேலிருந்து காண்பது. தவறு போடும் முன் ஒரு பெட்டியைத் தரையில் வைத்து, நாற்காலியில் ஏறி நின்று பார்க்கச் சொல்லியிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். இனியும் செய்யலாம், ஆனால் அருகில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓவியம், பாட்டு, விளையாட்டு ஆகியவற்றின் நேரத்தைக் குறைத்துக் கணக்குக்குக் கொடுக்கலாமே?

பதில்: கொடுக்கக் கூடாது. ஏழு வயதுக் கை நீண்ட நேரம் எழுதும் வலிமையை இன்னும் பெறவில்லை. கத்தரிப்பதும் களிமண் பிசைவதும் வண்ணம் தீட்டுவதும் அந்த விரல்களைத் தயார் செய்கின்றன. விளையாடி வந்த குழந்தை அடுத்த பாடத்தில் அமைதியாக உட்காருவதை எந்த ஆசிரியரும் சொல்வார்.

கேள்வி: "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பதே நாள்தோறும் பதில். பள்ளியில் நடப்பதை அறிய வேறு எப்படிக் கேட்பது?

பதில்: அந்தக் கேள்வி குழந்தைக்கு மிகப் பெரியது. ஐந்து மணி நேரத்தைச் சுருக்கி ஒரு வாக்கியத்தில் சொல்வது பெரியவர்களுக்கே கடினம். கேள்வியைச் சிறிதாக்குங்கள். "இன்று கணக்கில் எதைத் தொட்டு எண்ணினீர்கள்?", "ஆசிரியர் வாசித்த கதையில் யாருக்குக் கோபம் வந்தது?", "விதையில் வேர் முதலில் வந்ததா, இலை முதலில் வந்ததா?" என்று கேட்டால் விடை வரும். அதைவிட நல்ல வழி, நீங்கள் மாணவராக உட்கார்ந்து, "எனக்குக் கட்டைப் பிரித்துக் கழிக்கத் தெரியாது, சொல்லிக்கொடு" என்று கேட்பது. குழந்தை எங்கே தயங்குகிறதோ அங்கே பாடம் இன்னும் முடியவில்லை என்று தெரிந்துகொண்டு, அந்த ஓர் இடத்தை மட்டும் ஒரு சிறு தாளில் எழுதி மறுநாள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். இத்தகைய தாள்கள் எனக்கு வந்த நாட்களில், அன்றைய பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை நான் அவற்றைப் பார்த்தே முடிவு செய்திருக்கிறேன்.